கச்சதீவார் வாங்கிய முத்திரை

இரண்டு அரசாங்கங்களாலும் தீர்க்க முடியாத கச்சதீவுப் பிரச்சினையை, ஜெர்மனியில், டோர்ட்மண்ட் தமிழ்க்கடையில் உறைந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாராவாரம் தீர்த்து வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். தீர்ப்பு எப்போதும் ஒன்றே: தீவு அவருடையது.

அதனால் அவர் எங்களுக்குக் கச்சதீவார். ஊர் நெடுந்தீவு. நிறைமாதத்தில் நேர்த்தி வைத்து அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிய தாய், குடிமனையே இல்லாத அந்தத் தீவில், கோயில் வாசலில் இவரைப் பெற்றுவிட்டாராம். பதிவு மட்டும் நெடுந்தீவில்.

ஒருநாள் சென்னையிலிருந்து படிக்க வந்த ஒருவர் வாயைக் கொடுத்தார்.

“கச்சத்தீவு எங்களோடது சார். சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்க.”

“அங்கை குடிக்கிற தண்ணி எங்கை இருக்கு, சொல்லும் பாப்பம்?”

“கிணத்துலதான்...”

“ஒரு சொட்டும் இல்லை! இது தெரியாத உமக்குத் தீவு ஒரு கேடோ?”

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்தார் சிரித்தார்.

“நீர் என்ன சிரிக்கிறீர்? உமக்கும் இல்லை.”

அவரிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தோடு எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. சாகுமுன் ஒருமுறை அந்தத் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பிறந்த இடம் ‘கச்சதீவு’ என்று எழுதினார். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவரவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. அலுவலகங்களில் முப்பது ஆண்டு மொழிபெயர்த்து ஓய்வுபெற்ற என்னிடம் வந்தார்.

“நெடுந்தீவு எண்டு எழுதுங்கோ, முடிஞ்சுது.”

“ஏலாது அண்ணை. அம்மாவைப் பொய்க்காரி ஆக்கச் சொல்லுறியளோ?”

அலுவலகம் நேரம் குறித்துக் கொடுத்த டெர்மினுக்குக் கூடவே போனேன். சான்றிதழில் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் நினைவாக வைத்த பெயர்தான் இருந்தது: டெல்ஃப்ட். அதிகாரி அம்மா முகம் மலர்ந்து, “அப்படியானால் நீங்கள் நெதர்லாந்தில் பிறந்தவர்!” என்றார்.

கச்சதீவார் எழுந்தேவிட்டார்.

“போர்த்துக்கேயன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். பேர் வைச்சாங்கள், கோடு கீறினாங்கள். ஒருத்தனாவது அங்கை பிள்ளை பெத்தவனோ? பெத்தது என்ரை அம்மா. அண்ணை, இதை அப்பிடியே ஜெர்மனில சொல்லுங்கோ!”

நான் அப்படியே சொல்லவில்லை. “இவர் ஒரு கடிதம் இணைக்க விரும்புகிறார்” என்றேன். விண்ணப்பத்தோடு எதை வேண்டுமானாலும் இணைக்கலாம், எவரும் வாசிப்பதில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் நெடுந்தீவு, கடிதத்தில், “என் தாயின் வாக்குப்படி நான் பிறந்தது கச்சதீவில்.” அதிகாரி கடிதத்திலும் அதன் பிரதியிலும் டக், டக்கென்று முத்திரை குத்தினார். அதைக் கண்ட பிறகுதான் கச்சதீவார் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

“பாத்தியளோ! அம்மான்ரை சொல்லை ஜெர்மன் அரசாங்கமே ஏத்துக்கொண்டிட்டுது!”

அது ‘கடிதம் கிடைத்தது’ என்ற முத்திரை. முப்பது ஆண்டில் ஒரு சொல்லையும் விடாத நான், அன்று அதையும் மொழிபெயர்க்கவில்லை.

கடவுச்சீட்டு வந்தது. திருவிழாவுக்குப் போய் வந்தவர், ஒரு தயிர்க் கிண்ணத்தில் வெள்ளை மணல் கொண்டுவந்து நீட்டினார்.

“உங்கடை பங்கு, அண்ணை.”

கிண்ணம் என் பால்கனியில் இருக்கிறது. எந்த அரசாங்கம் வந்து உரிமை கோரினாலும் கொடுப்பதாக இல்லை.