பூஜையறைப் புற்று

விஞ்ஞானம் கரையானை வென்ற வரலாற்றில் வேங்கிக்கால் மணிவேலின் வீட்டுக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. மாவட்டம் தனியாகப் பிரிந்த சில வருடங்களில், கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கான மணிவேல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு அது. கிரகப்பிரவேசத்துக்கு மனிதர்களைத்தான் அழைத்திருந்தார். கரையான் அழைப்பில்லாமலே வந்து ஜன்னல் சட்டத்தில் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டது.

கரையான் ஒழிப்பு நிபுணர் பரசுராமன் டிரில்லிங் மெஷினோடு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மேலால அடிச்சா கொஞ்ச நாள் தாங்கும் சார். சுவரோரமா தரையில ஓட்டை போட்டு மருந்தை உள்ளே விட்டா, ஜென்மத்துக்கும் வராது."

"ஓட்டையே போடுங்க," என்றார் மணிவேல்.

ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் முடிந்து, கடைசியாகப் பூஜையறை. அலமாரியை நகர்த்தினால், பின்னால் முழங்கால் உயரத்துக்கு மண் எழும்பியிருந்தது. மணிவேலின் மனைவி தங்கம்மாள் "தாயே!" என்று விழுந்து கும்பிட்டு, மஞ்சள் குங்குமம் எடுக்க ஓடினாள். பரசுராமன் மெஷினை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா நிறுத்திட்டே?"

"சார், சட்டத்துல இருந்தா அது கரையான். இது புத்து. இதுக்கு நம்மகிட்ட ட்ரீட்மென்ட் கிடையாதுங்க."

"ரெண்டும் ஒரே பூச்சிதானே?"

"பூச்சி ஒண்ணுதான் சார். டிபார்ட்மென்ட் வேற."

பழுத்த அரசு ஊழியரான மணிவேலுக்கு இது உடனே விளங்கிவிட்டது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் ஒரு பகுதி வேங்கிக்கால் பக்கம் திரும்பியது. ஹாலில் 'தர்ம தரிசனம்', படுக்கையறை வழியாக 'சிறப்பு தரிசனம்'. ஆபீசில் மேலதிகாரியே எழுந்து நின்று மணிவேலைக் கும்பிட்டார். மணிவேலும் வேண்டாமென்று சொல்லவில்லை. பரசுராமன் தலைமையில் 'புற்று பராமரிப்புக் குழு' அமைந்தது. அது கூடி, ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

"கோயிலுக்குள்ள குடித்தனம் பண்ணா தீட்டுங்க," என்றார் தலைவர், மிகுந்த பணிவோடு. "வேற எங்கனா வாடகைக்குப் பாத்துக்குங்க."

மணிவேல் வாசற்படியை மறித்து நின்றார். "யோவ், இது என் வீடுய்யா! நான் கட்டினது!"

"யார் இல்லேன்னது? அதான் வாசல்ல கல்லுலயே வெட்டி வெச்சிருக்கோமே, 'இவ்வீடு உபயம் மணிவேல்'னு."

கட்டில் டெம்போவில் ஏறியது. தங்கம்மாள் அழுதுகொண்டே பின்னால் ஏறினாள். கரையானும் பிறத்தியார் வீட்டைத் தின்னும்தான். ஆனால் தின்ற வீட்டுக்காரனுக்கு நன்றி சொல்லிக் கல்வெட்டு வைக்கிற பண்பாடு மனிதனுக்கு மட்டும்தான் உண்டு.