தாரியின் வண்டியில் ஒரு சத்தம்

“கேக்குதா? இப்பவாவது கேக்குதா?” என்று கத்தினான் தாரி.

பாலைவனத்தில் குளிர்காலத்துக்கு அடித்திருந்த குடும்பக் கூடாரத்துக்கு எதிரே, மணல்மேட்டில் அவனுடைய ரிமோட் கார் பாய்ந்துகொண்டிருந்தது. முழங்கை நீள வண்டி. விசையை அழுத்தினால் மணலை வாரி இறைத்துக்கொண்டு பறக்கும். மூன்று நாளாக அது ஓடும்போதெல்லாம் கர்ர்க்... கர்ர்க்... என்று ஒரு சத்தம். அவன் கத்த ஆரம்பித்ததும் சத்தம் நின்றுவிட்டது. அதுவே அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலை” என்றாள் அவன் மனைவி அனூத், கூடார வாசலிலிருந்து. “ராத்திரி உங்க பக்கத்துல படுத்தாத்தான் சத்தம் தாங்கலை. அதான் நம்ம பொண்ணு லுல்வா ரூமுக்குப் போயிட்டேன்.”

“என் குறட்டையை எதுக்கு இப்ப இழுக்கறே? நான் வண்டியைப் பத்திப் பேசறேன்!”

“ரிமோட்டைக் குடுங்க.”

அனூத் வண்டியை மூன்று சுற்று ஓட்டினாள். தண்ணீர்த் தொட்டியை வளைத்துக்கொண்டு வண்டி பூனைபோல் வந்து அவள் காலடியில் நின்றது. சத்தமே இல்லை.

“இப்ப என்ன சொல்றீங்க?”

“உனக்குப் பயந்துகிட்டு கம்முனு போகுது. இந்த வீட்டுல எல்லாமே அப்படித்தானே!”

தாரியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை அனூத்தின் தம்பி ஹமூத்தோடு பந்தயம். தோற்றவன் இந்தக் கூடாரக் காலம் முழுக்க, வருகிறவர் எல்லோருக்கும் நின்றுகொண்டே காப்பி ஊற்ற வேண்டும். போன வருஷம் தோற்றது தாரி. அமைச்சகத்தில் முப்பது பேருக்கு மேலதிகாரி, நாற்பத்தாறு வயது, இடது கையில் காப்பிச் செம்பும் வலது கையில் கிண்ணமுமாக நான்கு மாதம் நின்றான். போதும் என்பதற்கு விருந்தாளி கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹமூத் ஆட்டவே மாட்டான். ஒருநாள் பதினொரு கிண்ணம் குடித்துவிட்டு, “மச்சான் கையால குடிச்சா போதும்னு சொல்ல மனசே வரலை” என்றான்.

அந்தப் பதினொன்றும் தாரியின் நெஞ்சில் இன்னும் ஆறாமல் கிடந்தன.

வார விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஷுவைக் கடைவீதியில் ஹாஜி மக்சூதின் கடைக்குப் போனான். நாற்பது வருஷமாகப் பேரிங் விற்கிறவர் ஹாஜி. லாரிக்கும் உண்டு, சட்டைப் பொத்தான் அளவில் ரிமோட் காருக்கும் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதலில் விரலில் மாட்டிச் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்பார்.

தாரி கொண்டுபோன பேரிங்குகளையும் அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, மிக நிதானமாகக் கேட்டார். எட்டாவதற்கு வந்தபோது தாரியின் பொறுமை தீர்ந்துவிட்டது. கர்ர்க்.

“இதோ! இதோ! இப்ப கேட்டுதே!”

ஹாஜி கண்ணைத் திறந்தார். கையிலிருந்த பேரிங்கைப் பார்த்தார். தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். தாரியை அவர் ‘அபூ மிஷால்’, மிஷாலின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார்.

“அபூ மிஷால், கேட்டது கேட்டது. ஆனா இது பேசலை. நல்ல ரப்பர் மூடி போட்ட சரக்கு. நம்ம மணலுக்கு இதுதான். இரும்பு மூடின்னா கொஞ்சம் வேகமா சுத்தும், ஆனா இடுக்கு இருக்கும், தூசி உள்ளே போயிடும். இதைத் தொடாதீங்க. திருப்பி மாட்டிட்டுப் போங்க.”

“விக்கிறவரே வாங்காதேன்னு சொன்னா அதுல என்னமோ இருக்கு!” என்றான் தாரி.

அந்த நேரம் பார்த்து ஹமூத் போன் செய்தான். “எங்க மச்சான், பேரிங் கடையிலா? ரப்பர் மூடியா, இரும்பு மூடியா? ரப்பர்னா சொல்லுங்க, பந்தயத்தன்னிக்கு உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். வயசானவங்க எல்லாரும் அதான் போடறாங்க.”

தாரி இரும்பு மூடியில் ஒரு முழு செட் வாங்கினான்.

திங்கட்கிழமை வீட்டெதிரே இருந்த காலி மனையில் ஓட்டிப் பார்த்தான். வண்டி உண்மையிலேயே பறந்தது. அரை மணி நேரம் பறந்தது. அதற்குள் மாவுபோன்ற மணல் மூடியின் இடுக்கில் புகுந்து, சக்கரங்கள் அம்மியில் கல் அரைபடுவதுபோல் சுற்ற ஆரம்பித்தன. பழைய கர்ர்க்கும் போகவில்லை. இப்போது இரண்டு சத்தம்!

“ஒண்ணைத் தொலைக்கப் போய் அதுக்கு ஜோடி வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள் அனூத்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டான். மணல் போனது. கூடவே உள்ளே இருந்த கிரீஸும் போனது. மாட்டி ஓட்டினால் ஐந்தாம் நிமிஷம் பின்சக்கரம் ஒன்று இறுகிப்போய், வண்டி சுவரில் முட்டிக் கவிழ்ந்தது. அதைவிட மோசம், அவன் கழுவியது விருந்துக்கு வைத்திருந்த காப்பிக் கிண்ணத்தில்.

“எங்கம்மா குடுத்த கிண்ணத்துல பெட்ரோலா?” என்று அனூத் தொடங்கியது மதியச் சாப்பாடுவரை நிற்கவில்லை. சாப்பாட்டில் தாரி இறைச்சியை ஒதுக்கிவிட்டு வெறும் ஹரீஸ் என்கிற கோதுமைக் கூழாகப் பார்த்து விழுங்கினான்.

“ஏன், கறிக்கு என்ன?”

“மெல்ல முடியலை. தாடை ரெண்டும் நோகுது.”

“நாள் பூரா கத்தினா நோகாம என்ன செய்யும்?”

புதன்கிழமை மறுபடி ஹாஜியின் கடை. பழைய ரப்பர் மூடிகளைத் தாரி கோபத்தில் குப்பையில் வீசியிருந்ததால் புதிதாக ஒரு செட் வாங்க வேண்டியிருந்தது. ஹாஜி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுவும் தாரிக்குப் பொறுக்கவில்லை.

“திட்டணும்னா திட்டிடுங்க ஹாஜி! இப்படிச் சும்மா பாக்காதீங்க!”

“ஒரே ஒரு விஷயம், அபூ மிஷால். விரலால தள்ளினாலே உள்ளே போயிடும். இறுக்கமா இருந்தா வெளி வளையத்துல மட்டும் அமுக்குங்க. சுத்தியல் வேண்டாம்.”

வியாழக்கிழமை கடைசிப் பேரிங் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அதே நிமிஷம் ஹமூத் ஒரு படம் அனுப்பினான். பளபளவென்று தேய்த்த காப்பிச் செம்பு. கீழே, ‘மச்சானுக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

தாரி சுத்தியலை எடுத்தான். நடு வளையத்திலேயே நாலு போடு போட்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அரிசியும் இறைச்சியும் உண்ட களைப்போடு உறவுக்கூட்டம் மணல்மேட்டைச் சுற்றி உட்கார்ந்தது. நடுவராக ஹாஜி மக்சூதை ஹமூத் அழைத்து வந்திருந்தான்.

“ரெண்டு பேருக்கும் பேரிங் விக்கிறவர். யார் பக்கமும் சாய மாட்டார்” என்றான்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் தாரிதான் முன்னால். இரண்டாவதிலும் அவனே. கர்ர்க் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அவன் அதைச் சட்டைசெய்யவில்லை. மூன்றாவது சுற்றில், கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, அவன் சுத்தியலால் அடித்த சக்கரம் படாரென்று இறுகியது. வண்டி பம்பரமாகச் சுற்றி, கரணம் போட்டு, சக்கரம் நான்கும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. ஹமூத்தின் வண்டி அதைத் தாண்டி அவசரமே இல்லாமல் கோட்டைக் கடந்தது.

“விழுந்ததும் அழகாத்தான் விழுந்தது மச்சான்!” என்றான் ஹமூத்.

தாரி வண்டியைத் தூக்கி, காரின் பின்பெட்டியில் எறிந்து, அறைந்து மூடினான். பேச்சுத் தவறக்கூடாது. உள்ளே வந்து செம்பை எடுத்தான்.

கூடாரத்தில் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் இரண்டு கிண்ணத்தில் ஆட்டிவிட்டார்கள். ஹமூத் நீட்டினான். தாரி ஊற்றினான். மறுபடி நீட்டினான். ஊற்றினான். ஐந்து. ஆறு.

“ஏலக்காய் கொஞ்சம் கம்மியோ மச்சான்? இன்னொண்ணு குடிச்சாத்தான் தெரியும்.”

காப்பி ஊற்றுகிறவன் விருந்தாளியிடம் முகம் சுளிக்கக்கூடாது, கத்தக்கூடாது. தாரி வாயை இறுக மூடிக்கொண்டான். ஏழு. எட்டு.

கர்ர்க்... கர்ர்க்...

எல்லோருக்கும் கேட்டது.

“வண்டி எங்கே?” என்றார் ஹாஜி.

“வெளியில, கார் பெட்டியில பூட்டிக் கிடக்கு” என்றாள் அனூத், பெண்கள் இருந்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

ஹமூத் ஒன்பதாவது முறையாகக் கிண்ணத்தை நீட்டினான்.

கர்ர்க்.

ஹாஜி மக்சூத் எழுந்தார். தாரியின் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, அவன் தாடையோரம் காதை வைத்து நிதானமாகக் கேட்டார்.

“சத்தம் இங்கேருந்துதான் வருது, அபூ மிஷால், கடைவாய்ப் பல்லு கடிச்சுக் கடிச்சு ரெண்டு பக்கமும் நல்லாத் தேஞ்சிருக்கு, ஆனா இந்த சைஸ் நம்ம கடையில கிடையாது.”