நூற்றிருபது முழங்கால்களும் ஒரு பூஜ்யமும்

கியோட்டோ நகரின் ஒகிமாச்சி மூட்டு ஆராய்ச்சி நிலையம், முழங்கால் வலிக்குப் புதிதாகக் கண்டுபிடித்த மாத்திரையை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதென்று முறைப்படி தீர்மானித்தது. அறுபது பேர் சேர்க்கப்பட்டார்கள். முப்பது பேருக்கு மாத்திரை; முப்பது பேருக்கு மாத்திரை மாதிரியே உருட்டிய அரிசி மாவு. யாருக்கு எது என்ற ரகசியம் பெட்டியில் பூட்டப்பட்டது. இதுவரை எல்லாம் அறிவியல்.

அறுபதில் ஒருவர் என் அப்பா, மிபு ஹியோகிச்சி. மேடையில் ஒரு மெத்தை போட்டு, முழந்தாளிட்டு உட்கார்ந்து, ஒற்றை ஆளாகப் பத்துப் பேர் குரலில் சிரிப்புக் கதை சொல்வது அவர் தொழில். நாற்பது நிமிடம் எழுந்திருக்கக் கூடாது, காலை நீட்டக் கூடாது. முழங்கால் போனால் தொழில் போயிற்று. வசந்த விழாவுக்கு மூன்றே வாரம். அப்பாவால் உட்கார முடியாவிட்டால் அந்த மேடை பக்கத்துத் தெரு கன்சாபுரோவுக்கு. கன்சாபுரோ சொல்லும் கதைக்குக் கன்சாபுரோ மட்டும்தான் சிரிப்பார்.

நிலையத்தின் விதி எளிமையானது. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஐந்தைத் தாண்டினால், தின்றது மாவோ மருந்தோ, மூட்டில் நல்ல ஊசி ஒன்று போட்டுவிடுவார்கள். ஒரு மாதம் கவலையில்லாமல் மண்டியிடலாம். அப்பா ஓர் எண் சொன்னால் போதும்.

ஆனால் அவர் கியோட்டோக்காரர்; குறையை நேராக வாய்விட்டுச் சொல்வது இந்த ஊரில் மரியாதையில்லை.

"மிபு-சான், வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார் குறிப்பெடுக்கும் நிஷிகோரி அம்மா.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"எண்ணா சொல்லுங்களேன்."

"பாவம், எவ்வளவு வேலை உங்களுக்கு! மதியம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். எண்?"

"இந்த வருஷம் பிளம் சீக்கிரமே பூத்துடுச்சு, கவனிச்சீங்களா?"

நிஷிகோரி அம்மாவும் இந்த ஊர்தான். மேற்கொண்டு கேட்டால் அநாகரிகம். பூஜ்யம் என்று எழுதினார்.

துணைக்குப் போயிருந்த நான் அப்பாவின் விலாவில் இடித்தேன். "காலைல மாடிப்படி இறங்கறப்ப படிக்கு ஒரு சாமியா கூப்பிட்டீங்களேப்பா!"

"அது பக்திடி. சும்மா இரு."

அறுபது பேருக்கும் பூஜ்யம். மாவு தின்றவர்களுக்கும் பூஜ்யம். இதைவிட, மாத்திரை கொடுப்பதற்கு முந்தின நாள் கேட்டபோதும் பூஜ்யம். இல்லாத நோய் முழுமையாகக் குணமடைந்திருப்பதாக நிலையம் பெருமையுடன் பதிவு செய்தது. இரண்டும் சமமாகக் குணப்படுத்துவதால் இரண்டையும் விற்பனைக்குப் பரிந்துரைக்கலாம் என்றும், மாவை மட்டும் சற்று மலிவாகக் கொடுக்கலாம் என்றும் துணைக்குழு கருத்துத் தெரிவித்தது. 'அளவுக்கு மீறிய மரியாதை' பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்காக 'வலி விண்ணப்பம்' என்று ஒரு படிவம் வந்தது. அப்பா தூங்கும்போது நானே நிரப்பி, ஒன்பது என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக அவர் வைக்கும் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. முத்திரையை நான் நேராகக் குத்தியிருந்தேனாம். மேலே ஐந்து அதிகாரிகளின் முத்திரைகள், ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதைக் கும்பிடுகிற மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தன. கடைசியில் இருப்பவர் எவ்வளவு சாய வேண்டும்! ஓரத்தில் ஒரு குறிப்பு: "வலி பரிசீலிக்கத் தக்கது. தொனி வருந்தத் தக்கது."

கடைசி நாள் வந்தது. நோயாளிகளைக் கௌரவிக்கும் பொருட்டு, அறுபது பேரையும் பாய் விரித்த அறையில் மண்டியிட வைத்து, பேராசிரியர் ஒகிமாச்சி தாமும் மண்டியிட்டு, முழங்காலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அப்பாவின் முகம் ஊறுகாய் முள்ளங்கி மாதிரி மஞ்சளாகிவிட்டது.

பேச்சு முடிந்தது. "மிபு-சான், இப்ப வலி எத்தனை?" என்று பேராசிரியரே கேட்டார்.

அப்பா தலை குனிந்தார். "உங்க..." என்று வாயெடுத்தார்.

அப்பாவின் குரல் எனக்கு அச்சாக வரும். அதை வைத்தே பள்ளியில் தொலைபேசி வழியாக நான்கு முறை விடுப்பு வாங்கியிருக்கிறேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "ஒன்பதுங்க ஐயா. செத்துடுவேன் போல இருக்கு."

நிஷிகோரி அம்மாவின் பேனா விழுந்தது. நிலைய வரலாற்றில் முதல் எண்!

பேராசிரியர், "மன்னிக்கணும்!" என்று நெற்றி பாயில் படும்வரை குனிந்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் நிமிரவில்லை. அவர் நிமிராமல் மற்றவர்கள் எப்படி நிமிர்வது? அறுபது தலைகளும் பாயில் கிடந்தன. கதவைப் பூட்ட வந்த காவலாளி, ஏதோ பெரிய விஷயம் என்று அவரும் குனிந்தார்.

"ஐயா, வலிக்குதா?" என்று நிஷிகோரி அம்மா தரையோடு தரையாகக் கேட்டார்.

"இல்லம்மா," என்றார் பேராசிரியர் பாய்க்குள்ளிருந்து. "எல்லார் புண்ணியத்துலயும்... பூஜ்யம்."

ஊசி வந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி.

"முதல்ல ஐயாவுக்குப் போடுங்க," என்றார் அப்பா.

"சேச்சே, உங்களுக்குத்தான் ஒன்பது. நீங்க."

"அது ஏதோ வாய் தவறி வந்துடுச்சுங்க. நீங்க."

"நான் எப்படி? நீங்க."

ஒரு மணி நேரம் முடிந்ததும் நிஷிகோரி அம்மா ஊசியைக் குப்பையில் போட்டு, 'இரு தரப்பும் மறுத்தனர்' என்று எழுதினார்.

வசந்த விழாவில் அப்பா மண்டியிட்டார். பன்னிரண்டாம் நிமிடம் முழங்கால் கைவிட்டது. கதையின் நடுப்பகுதியை அப்படியே விழுங்கிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்த திருடன் அடுத்த வரியில் மாப்பிள்ளையாகக் கல்யாண மதுக்கிண்ணத்தைக் கையில் பிடித்திருந்தான். கூட்டம் கைதட்டியது. கொட்டகை முதலாளி "அற்புதம்" என்றார். கன்சாபுரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட இன்னும் கத்துக்கணும் அண்ணே" என்றார்.

வீடு திரும்பும்போது, டாக்ஸியில் காலை நீட்டியபடி அப்பா கேட்டார்: "ஊர்ல வாய் நிறைய உண்மை பேசறவ நீ ஒருத்திதான். சொல்லு. இன்னிக்கு நான் சொன்ன கதைக்கு, பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, எத்தனை?"

வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பா," என்றேன், "மதியம் சாப்பிட்டீங்களா?"

அவர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"அவ்வளவு மோசமாவாடி இருந்துச்சு?"