நிமிர்ந்து பார்க்காத ஊர்

மரியாதைக்குரிய டோகுஜி அண்ணா அவர்களுக்கு,

தங்கை மிசாவோ தலை வணங்கி எழுதுவது. பனி உருகிக் கூரை சொட்டுகிற இந்த நாளில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், டோஃபு கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை என்றும் நம்புகிறேன். நான் நலம். இல்லை, நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆடை களைந்து ஆடும் மேடைக்கு நான் போன நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. சரி. பத்து நாளைக்கு ஓர் அரங்கம் என்று கம்பெனி என்னை நாடெல்லாம் சுற்ற விடுகிறது. நம் ஊர்ப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டுத் தப்பித்து வந்தேன், இந்த முறை வேறொருத்தி காலை முறித்துக்கொண்டதால் நம் வெந்நீர் ஊற்றுத் தெருவிலேயே வந்து விழுந்தேன். நீங்கள் வந்து நிற்பீர்களோ என்று முதல் நாள் திரை இடுக்கு வழியே வரிசை வரிசையாகத் தேடினேன். வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, நான் ஒன்றும் அழவில்லை.

எனக்கு எந்தக் கூட்டமும் புதிதில்லை, அண்ணா. ஒசாகாவில் முன்வரிசைக் கிழவர்கள் வாயை மூடவே மாட்டார்கள், "என்னக்கா, நேத்து காலு இதைவிட மேல போச்சே, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்பார்கள், நானும் "உன் பொண்டாட்டிய வந்து தைலம் தேய்க்கச் சொல்லுய்யா" என்று திருப்பிக் கொடுப்பேன், அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. டோக்கியோவில் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், காலைத் தூக்கி நிறுத்துகிற இடத்தில் மட்டும் எல்லாக் கையும் ஒன்றாகத் தட்டும், காகித நாடாவை வீசி என் மேல் படாமல் இழுத்துக்கொள்ளத் தனியாக ரசிகர்கள் உண்டு. ஹகாட்டாவில் பாட்டு சோகமானால் கூட்டமே அழும், பாட்டை மாற்றினாலும் நிறுத்தாது. அதாமியில் சுற்றுலாக் கூட்டம் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு விடுதிக் குளியல் அங்கியோடே வந்து தூங்கும். குறட்டைக்குத் தாளம் பிடித்து ஆடக்கூடத் தெரியும் எனக்கு.

ஆனால் நம் ஊர் இருக்கிறதே. திரை விலகுகிறது, அரங்கம் நிறைந்திருக்கிறது, ஒரு தலைகூட நிமிரவில்லை. மீன்கடை ஒனோதெரா, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நுமாதா வாத்தியார், எல்லாரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நம்ம டோகுஜி தங்கச்சிய்யா, பாத்தா நல்லாவா இருக்கும்" என்று வாத்தியார் பக்கத்து ஆளிடம் சொன்னது மேடை வரை கேட்டது. பார்க்காததால் எங்கே தட்டுவது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டு முடிகிறவரை தட்டித் தள்ளினார்கள். கடைசித் துணியும் போன நேரத்தில் ஒனோதெரா கண்ணை மூடியபடியே தடவித் தடவி வந்து தன் பஞ்சு மேலங்கியை என் மேல் போட்டு, "குளுருதும்மா, போத்திக்க" என்றாரே பார்க்கலாம். மேலாளர் குசாகாரி ஓடி வந்தார்.

"யோவ், அவ கழட்டுறதுக்குத்தான்யா சம்பளம் வாங்குறா."

"வாங்கட்டும். சளி பிடிச்சா நீயா கஷாயம் வெச்சுக் குடுப்ப?"

மறுநாள் ஆளுக்கொரு போர்வையோடு வந்தார்கள். ஆட்டம் முடிந்து என்னோடு படம் எடுத்துக்கொள்ளும் வரிசையில் முள்ளங்கி ஊறுகாயைக் கையில் திணித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். இத்தனை வருஷம் உடம்பை முறுக்கிக் கற்ற ஆட்டத்தைப் பிறந்த ஊரில் யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்கு எரியாதா? எனக்கில்லாத வெட்கம் இவர்களுக்கு எதற்கு? தெருவின் வியாபாரிகள் சங்கத் தலைவர் நீதானே, இவர்களைப் பிடித்துக் கட்டிப் போடு. நீயும் தப்பித் தவறி இந்தப் பக்கம் வந்துவிடாதே. இந்த ஊரை இனி மிதிக்க மாட்டேன், இது சத்தியம். மணி அடித்துவிட்டார்கள், போக வேண்டும்.

உங்கள் சோயாப் பால் நாள் தவறாமல் நன்றாகத் திரிந்து டோஃபுவாகட்டும், வாசற்படியில் யாரும் வழுக்காமல் இருக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
மிசாவோ

பின்குறிப்பு: அண்ணியைத் திட்டாதே. பல் வைத்தியரிடம் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு மத்தியானக் காட்சிக்கு வருகிறாள். இந்த ஊரில் அவள் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்து, தட்ட வேண்டிய இடத்தில் தட்டுகிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நாளை எனக்கு இங்கே கடைசி நாள். கடையை அவள் பார்த்துக்கொள்கிறாளாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வா, அண்ணா. நிமிர வேண்டாம், வந்து உட்கார்ந்திரு.