தேவாங்கும் எடையில்லாக் கூடாரமும்

ஒரு காட்டில், யானைக்குப் பாதையும் பன்றிக்குச் சேறும் குரங்குக்குக் கிளையும் குறைவில்லாத காட்டில், தங்க இடமில்லாமல் ஒரு தேவாங்கு இருந்தது. பெயர் விழியப்பன். உடம்பு ஒரு பிடி. அதில் பாதி கண்.

அவனும் பெண்டாட்டி வடிவும் குடியிருந்த வேங்கை மரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. வடிவு பிள்ளைத்தாச்சி. இரண்டு பேரும் அவளுடைய சித்தப்பாவின் கிளையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நல்லவர். போ என்று சொல்ல மாட்டார். இடம் பார்த்தாச்சா மாப்பிள்ளை என்று மட்டும் கேட்பார். தினமும் கேட்பார். விழியப்பன் வாயில் எதையாவது போட்டு மெல்லும்போது பார்த்துக் கேட்பார்.

அப்போது செம்போத்து ஒரு சேதி கொண்டுவந்தது. மொட்டை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாவல் மரம். அதில் ஒரு பொந்து. மழை நுழையாத பொந்து. இருந்த மரநாய் வேறு இடம் போய்விட்டது. காலியாகக் கிடக்கிறது.

தேவாங்குகளிடம் பத்திரம், பட்டா எல்லாம் கிடையாது. கையைத் தன் மூத்திரத்தில் நனைத்துப் பொந்தின் வாயில் யார் முதலில் தடவுகிறார்களோ, பொந்து அவர்களுக்கு. நாம் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே நாகரிகம்தான். தடவியவர் கூப்பிடாமல் வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. கட்டிய புருஷனே ஆனாலும் சரி.

ஐப்பசி மழைக்கு முன்னால் போய்த் தடவிவிட்டால் பிள்ளை காய்ந்த இடத்தில் பிறக்கும். இல்லாவிட்டால் சித்தப்பாவின் கிளையில், சித்தப்பாவின் கேள்விக்குக் கீழே, நனைந்துகொண்டு பிறக்கும்.

வழியில் ஒரே ஒரு தொல்லை. மொட்டை மலை பெயருக்கேற்ற மலை. வெறும் புல். தேவாங்கு பகலில் கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஜாதி. அங்கே கட்டிப்பிடிக்க ஒரு குச்சி கிடையாது. மேலே கழுகு சுற்றும். தேவாங்கு நடக்கும் அழகுக்கு ஒரே மூச்சில் தாண்டவும் முடியாது. நடுவில் ஒளிந்து படுக்க ஒரு கூடாரம் வேண்டும். சுமக்க முடிகிற கூடாரம்.

வடிவும் ஒப்புக்கொண்டாள். சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள், நாளைச் சாயங்காலம் கிளம்பிவிடலாம் என்றாள்.

விழியப்பன் போனான்.

மலையடிவாரத்தில் கீரி மாசானம் கடை வைத்திருந்தான். காட்டில் எல்லாருக்கும் அவன் அண்ணாச்சி. மனிதர்கள் முதுகில் மூட்டையோடு அந்த மலையில் ஏறுவார்கள். ஏறி என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இறங்கிவிடுவார்கள். இறங்கும்போது பாதிச் சாமானை விட்டுவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி அதைப் பொறுக்கி, எலிகளை வைத்து வெட்டித் தைத்து, அந்தந்த உடம்புக்கு ஏற்ற கூடாரமாக்கித் தொங்கவிட்டிருந்தான். எடைக்கல் நெல்லிக்காய்.

எடை குறைந்ததாக ஒன்று வேண்டும் என்றான் விழியப்பன்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஏற இறங்கப் பார்க்க அங்கே அதிகம் இல்லை.

"தம்பி, தொழில் ரகசியம் ஒண்ணு சொல்லுதேன். எடை குறைஞ்சா தண்ணி வரும். தண்ணி வராதுன்னா எடை ஏறும். ரெண்டும் இல்லன்னா விலை ஏறும். இதுல உங்களுக்கு எது வேணும்?"

அங்கேயே விழியப்பன் கையில் கிடைத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றான். கெட்டது குடி.

பச்சைக் கூடாரம் நாலு நெல்லிக்காய் எடை. மஞ்சள் மூன்றரை. மஞ்சளை எடுக்கலாம் என்றால் கழுகின் கண்ணில் படும். பச்சைக்கு இரண்டு துணி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. சாம்பல் நிறத்தில் ஒற்றைத் துணியில் ஒன்று இருந்தது. இரண்டே நெல்லிக்காய். ஆனால் ஒற்றைத் துணியில் படுத்தால் விட்ட மூச்சே நீராகி விட்டவன் மேலேயே சொட்டும் என்றது பக்கத்தில் நின்ற பன்றி. பன்றி கூடாரத்தில் படுத்ததே இல்லை. சேற்றில் படுக்கிற பன்றிக்கு ஈரத்தைப் பற்றி என்ன கவலை என்று விழியப்பன் கேட்கவில்லை. கவனமாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டான்.

அடுத்த சாயங்காலமும் போனான். அதற்கடுத்ததும். சாம்பல் கூடாரம் தானாக நிற்காது, ஊன்றி நடக்கிற கோலையே நடுவில் நட்டுக்கொள்ள வேண்டும் என்றான் அண்ணாச்சி. விழியப்பன் நாலு காலில் நடக்கிறவன், கோல் ஏது. கோல் தனியாக வாங்க வேண்டும். வாங்கினால் அந்தக் கோலின் எடையைக் கூடாரத்தின் கணக்கில் சேர்ப்பதா, காலின் கணக்கில் சேர்ப்பதா? இதை ஒரு வாரம் பேசினார்கள். பன்றி கால் கட்சி. முயல் கூடாரக் கட்சி. மண்டை உடைகிற மட்டும் போனது.

விழியப்பன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒரு கட்டையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கண்ணால் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவாங்குக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். பூச்சியையும் அப்படித்தான் பார்க்கும், பூச்சி இல்லாத இடத்தையும் அப்படித்தான் பார்க்கும். கடைக்கு வந்தவர்களுக்கு அது தெரியுமா? என்னமாய் ஆராய்கிறார் பாருங்கள் என்றார்கள்.

வானத்தில் மேகம் கூடியது. வடிவு கடைக்கே வந்துவிட்டாள். வயிற்றைச் சுமந்துகொண்டு அவள் இறங்கி வந்ததற்கு யாரும் கட்டையை விட்டு எழவில்லை.

"வாங்கியாச்சா?"

"பச்சை, சாம்பல் ரெண்டு பாக்கி இருக்கு. அதுல ஒண்ணு முடிவாகணும். கோலையும் சேர்த்தா அரை நெல்லிக்காய் வித்தியாசம் வடிவு. அவசரப்பட்டு எடுத்தா அப்புறம் வழி நெடுகச் சுமக்கணும்."

"இப்ப சுமக்கிறது யாரு?"

விழியப்பன் சாம்பல் கூடாரத்தைப் பார்த்தான்.

"மழை வந்தா நான் போயிருவேன். உங்களுக்காக நிக்கமாட்டேன்" என்றாள்.

அவள் மழைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மறுநாள் மேய்ந்து முடித்து மொட்டை மலை ஏறிய வரையாடு ஒன்றின் வயிற்றடியில், ரோமத்தை நாலு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டே போய்விட்டாள். கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஜாதிதானே. தூங்கிக்கொண்டே மலையைத் தாண்டினாள். கழுகு பார்த்தது ஆட்டை மட்டும்தான்.

சேதி வந்ததும் விழியப்பன் கொஞ்சம் ஆடிப்போனான். பின்னாலேயே போக வேண்டும் என்று தோன்றியது. அவனும் ஒரு ஆட்டைப் பிடித்திருக்கலாம். ஆனால் அப்போது பார்த்து முள்ளம்பன்றி ஈட்டிமுத்து வந்து, ஐயா, நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும் என்று கும்பிட்டது.

ஐயா என்று அவனை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அன்று மாலை அவன் ஆட்டைப் பிடிக்கவில்லை.

ஈட்டிமுத்துவின் குறை, எந்தக் கூடாரத்தில் நுழைந்தாலும் முள் குத்திக் கிழிந்துவிடுகிறது. விழியப்பன் நெடுநேரம் அதைப் பார்த்தான். பிறகு, கூடாரத்தில் எடையைக் குறைப்பதற்கு முன்னால் உடம்பில் குறைக்க வேண்டும் என்றான். சும்மா வாயில் வந்தது. ஈட்டிமுத்து போய் முள்ளை எல்லாம் உதிர்த்துவிட்டு, வழவழவென்று கூடாரத்துக்குள் படுத்தது. முள்ளம்பன்றிக்கு எடை குறைந்தது, சிறுத்தைக்கு எடை கூடியது. முள்ளை முழுசாக எடுக்காமல் நாலைந்து விட்டுவைத்திருக்கும், அதுதான் இப்படி ஆகிவிட்டது என்று காடு பேசிக்கொண்டது.

அதே உபதேசத்தைக் கடமானும் கேட்டது. கேட்ட சில நாளில் அதன் கொம்பு விழுந்தது. கடமானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழும். அதன் அப்பனுக்கும் விழுந்தது. அது அந்தக் கட்டைக்கு முன்னால் வந்து, உங்கள் புண்ணியத்தில் தலை இலேசாக இருக்கிறது ஐயா என்று கண்ணீர் விட்டது.

அண்ணாச்சி வியாபாரி. கட்டைக்கு மேலே ஓலையில் பந்தல் போட்டான். விழியப்பனார் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் கூடாரம் வாங்குவோம் என்று கூட்டம் வந்தது. வரிசை ஓடைவரை நின்றது. அதில் ஆமை நின்றது. முதுகில் வீட்டோடு நின்றது. அதற்கும் ஒன்று விற்றான்.

மழை இறங்கியது. கூடவே செம்போத்தும் வந்தது. வடிவு பொந்தைப் பிடித்துவிட்டாள், பிள்ளை பிறந்துவிட்டது, ஆண், கண் அப்பனை மாதிரி என்றது.

அந்த வார்த்தையைக் கேட்டதும் விழியப்பன் போக வேண்டும் என்று எழுந்தான். எழுந்தவன் பேசாமல் போயிருந்தால் கதை வேறு. அண்ணாச்சி விடவில்லை. ஐயா மலை தாண்டப் போகிறார், அதுவும் மழையில், அதுவும் நம் கடையின் சாம்பல் கூடாரத்தோடு என்று காடெல்லாம் சொல்லிவிட்டான். அரை நெல்லிக்காய் வழக்கும் அதோடு தீர்ந்தது. அண்ணாச்சியிடம் அதிகமாகத் தேங்கிக் கிடந்தது சாம்பல்தான்.

பன்றியின் முதுகில் ஏற்றி, பின்னால் பாதிக் காடு நடந்து, அவனை நாவல் மரத்தடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். வழியில் ஒரு இடத்திலும் அவன் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. பன்றி நிற்காமல் நடந்தது.

பொந்து வாயில் வடிவு உட்கார்ந்திருந்தாள். மார்பில் பிள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒரு அடி உள்ளே, காய்ந்துபோய், வெதுவெதுப்பாக.

விழியப்பன் கீழே நின்று மேலே வரட்டுமா என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். பின்னால் கூட்டம்.

"வாங்க. ஆனா அது எதுக்கு கையில?" என்றாள் வடிவு. கூடாரத்தைத்தான் கேட்டாள். "அதைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க."

இவ்வளவுதான் அவள் கேட்டது. அண்ணாச்சி குறுக்கே விழுந்தான். அம்மா, ஐயா இன்று ஒரு ராத்திரி மட்டும் கூடாரத்தில் தங்கிக் காட்டுவதாகப் பேச்சு, ஊரே பார்க்க வந்திருக்கிறது என்றான். வடிவு புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு ராத்திரிதானே என்றான்.

கூடாரத்தை நிறுத்துவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை நாள் பார்த்திருக்கிறானே தவிர ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. கயிறு எது, துணி எது என்று புரியாமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டான். கூட்டம் மூச்சைப் பிடித்துப் பார்த்தது. அவர் செய்கிற முறையே தனி என்றது முயல். கடைசியில் எலிகள் வந்து நிறுத்திக் கொடுத்தன.

இருட்டியதும் மழை கொட்டியது. மேலே இருந்து வந்தது, கீழே இருந்து வந்தது, பன்றி சொன்னபடி அவன் மூச்சிலிருந்தும் வந்தது. நடுவில் நட்ட கோலைக் கிளையென்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கோல் சாய்ந்தது. துணி அவன் மேல் ஈரப் போர்வையாக விழுந்தது. தலைக்கு மேலே பொந்தில் பிள்ளை முனகுவதும் வடிவு அதைத் தட்டிக் கொடுப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் கூட்டம் வந்து சுற்றி நின்றது. அண்ணாச்சி துணியைத் தூக்கினான். உள்ளே எலிக்குஞ்சு மாதிரி ரோமம் ஒட்டிப்போய், நடுங்கிக்கொண்டு விழியப்பன் இருந்தான். கண் மட்டும் பழைய கண்.

ஐயா எப்படி இருந்தது என்று கேட்டான் அண்ணாச்சி.

விழியப்பன் வாயைத் திறக்குமுன் மேலே இருந்து வடிவின் குரல் வந்தது. கோபம் இல்லாத குரல்.

"நனைஞ்சிட்டேன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும். சொல்லிட்டு உள்ள வாங்க. பிள்ளையைத் தாறேன், பிடிங்க."

விழியப்பன் அண்ணாந்து பார்த்தான். பிள்ளை முதல் தடவையாக அவனைப் பார்த்தது. அதே கண். பொந்தின் உள்ளே காய்ந்த நாவல் சருகு தெரிந்தது.

பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பன்றி, முயல், கொம்பில்லாத கடமான். எல்லாம் வாயைத் திறந்து காத்திருந்தன. கால் கட்சி, கூடாரக் கட்சி இரண்டும் முதல் முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஒரு தும்மல் போட்டான்.

"ஒரு சொட்டு வரலை" என்றான்.

கூட்டம் ஆரவாரித்தது. அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடியது. அந்தச் சத்தத்தில் பிள்ளை பயந்து அழுதது. வடிவு அதை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நுழையக் கூடாது, அது சட்டம்.

ஈரமே படாத கூடாரத்தை விட்டுவிட்டு அவரும்தான் பொந்துக்கு எதற்குப் போக வேண்டும் என்றார்கள். நியாயம்தானே.

அந்த மழைக்காலத்தில் காட்டில் முக்கால்வாசிப் பேர் சாம்பல் கூடாரத்தில் படுத்தார்கள். முக்கால்வாசிப் பேரும் நனைந்தார்கள். ஒருவனும் சொல்லவில்லை. காலையில் சந்தித்துக்கொண்டால் ஒரு சொட்டு வரலை என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொள்வார்கள்.

நீதி: நனைந்தேன் என்பவனுக்கு வீடு கிடைக்கும். நனையவில்லை என்பவனுக்குக் கூட்டம் கிடைக்கும். வீட்டில் எவன் கை தட்டுகிறான்?