கடைசிக் கோட்டு

பெண்டாட்டி ஓட்டுகிற காரில் உட்காருவதில்லை என்று தாவீதுராஜ் முடிவெடுத்தார். எடுத்த முடிவை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை. அருப்புக்கோட்டையில் விசைத்தறி சாமான் கடை வைத்திருப்பவர். கடையில் நாலு பேரை அதட்டுவார். அந்தக் குரலைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

அவர் மனைவி ஞானப்பூ டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நரிக்குடியில் அவள் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். காரைத் தானே ஓட்டி வருவதாகத் தங்கச்சிக்குப் போனிலும் சொல்லிவிட்டாள். தங்கச்சி புருஷன் இம்மானுவேலுக்கு வாய் சும்மா இருக்காது. மதினி ஓட்ட, அண்ணன் பக்கத்தில் பொம்மை மாதிரி வந்து இறங்கினால், சாகிறவரை சொல்லிச் சிரிப்பான். 

சொல்லித் தடுக்க முடியாததைச் சூழ்ச்சி செய்து தடுக்கப் பார்த்தார். அதற்கு மூளை வேண்டும். அவரிடம் இருந்தது மொபைல். காரின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று அதில் ஒருத்தன் காட்டினான். அன்றைக்கே டேஷ்போர்டு பட்டை, கியரைச் சுற்றியிருந்த மூடி, கதவில் இருந்த துண்டுகள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்.

“என்னங்க, கோழியை உரிச்ச மாதிரி உரிச்சு வச்சிருக்கீக?”

“மூணு கோட்டு அடிக்கணும் ஞானப்பூ. காஞ்சு, திரும்ப மாட்டுற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது. ஸ்டார்ட் பண்ணுனா உள்ள வயரெல்லாம் பொசுங்கிரும்.”

“அப்படியா? எனக்கு என்ன தெரியும்,” என்றாள் ஞானப்பூ. பச்சைப்பிள்ளை முகம். அந்த முகத்தை நம்பி ஏமாந்தது எத்தனையாவது தடவை என்று அவருக்கே கணக்கு இல்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிருமா?”

“காயணும்,” என்றார். காயவிட்டால்தானே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

உப்புத்தாளால் தேய்த்து, வாசலில் வைத்து முதல் கோட்டு அடித்தார். எதிர் வீட்டில் தறி ஓடுகிறது, தறி ஓடினால் பஞ்சு பறக்கும் என்பதெல்லாம் அருப்புக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்த இந்த மேதைக்கு ஞாபகம் வரவில்லை. பறந்த பஞ்சு முழுக்க ஈரப் பெயிண்டில் வந்து சுகமாகப் படுத்துக்கொண்டது.

“தாடி மொளச்சிருச்சே,” என்றாள் ஞானப்பூ. “இதுக்குப் பெயிண்டு அடிக்கிறதா, சவரம் பண்றதா?”

“இது மொதக் கோட்டுதான். எந்தக் கோட்டை விட்டாலும் கடைசிக் கோட்டை விடக்கூடாது. பளபளப்பே அதுலதான் இருக்கு.”

“கோட்டை விடுறதுல உங்களுக்கு நானா சொல்லிக் குடுக்கணும்?”

மறுபடி தேய்த்தார், மறுபடி அடித்தார். தாமதம் ஆக ஆக அவருக்குக் கொண்டாட்டம். சனிக்கிழமை, கடைசிக் கோட்டுக்கான பளபளப்பு ஸ்பிரே வாங்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. கார்தான் ஸ்டார்ட் ஆகக் கூடாதே. தன் பொய்க்கு மரியாதை கொடுத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தார்.

ஞாயிறு காலை, கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக டப்பாவை எடுத்தார். எல்லாம் ஈரமாக இருந்தால் பஸ்ஸில்தானே போக வேண்டும். டப்பாவின் மூக்கு அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தினார். அது கொப்பளித்து இரண்டு உள்ளங்கையையும் கெட்டியாகப் பூசிவிட்டது.

“ஞானப்பூ, பெயிண்டைக் கழுவுற தின்னர் எங்க?”

“பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா கேட்டாக, குடுத்துட்டேன். அவுக ஊருக்குப் போயிட்டாக.” பட்டுச்சேலை கட்டி, கார் சாவியோடு நின்றாள். “ஏறுங்க, நேரமாச்சு.”

“வயரு பொசுங்கிரும்னு சொன்னேன்ல?”

“நேத்து நீங்க பஸ்ஸுல மதுரைக்குப் போனீக. நான் இதுல பரளச்சிக்குப் போயிட்டு வந்தேன். ஒரு வயரும் பொசுங்கல. அந்தப் பிளாஸ்டிக்கு சும்மா அழகுக்குன்னு டிரைவிங் ஸ்கூல்லயே சொல்லிட்டாக.”

“அப்ப நான் ஓட்டுறேன்.”

“இந்தக் கையோட ஸ்டீரிங்கைப் பிடிச்சா, அதையும் கழட்டிக்கிட்டுத்தான் கோயிலுக்குள்ள வரணும். பின்னாடி உக்காருங்க. சீட்டுல படாம கையைத் தூக்கி வச்சுக்கங்க.”

திருச்சுழி தாண்டி நரிக்குடி வரைக்கும், போலீஸில் பிடிபட்டவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே போனார். அவ்வளவு தூரம் வந்தும் பிசுபிசுப்பு போகவில்லை.

கோயில் வாசலில் இம்மானுவேல் சிரிக்கத் தயாராக நின்றான். அதற்குள் போதகர் வந்து, “ஸ்தோத்திரம்” என்று கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடாமல் இருக்க முடியுமா? தாவீதுராஜும் கும்பிட்டார். கும்பிட்ட கை பிரியவில்லை. இழுத்துப் பார்த்தார், தோலே உரிந்துவிடும் போலிருந்தது. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் கூப்பிய கையோடே நின்றார். ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் நெகிழ்ந்துபோய் ஞானப்பூவிடம் வந்தார். “இப்படி ஒரு பக்தியை நான் பாத்ததே இல்லம்மா.”

“ஆமாங்கய்யா,” என்றாள் ஞானப்பூ. “இனிமே கை ரெண்டும் கர்த்தருக்கு, கார் சாவி எனக்குன்னு சொல்லிட்டாக.”