ஊர் பேர் தெரியாத கற்கள்

உயிரே போனாலும் ஒரு கல்லைக்கூடக் கொடுப்பதில்லை என்று கல்லு சார் தீர்மானம் செய்தார். செய்த இடம் குளியலறை. வீட்டில் அவருக்கென்று தாழ்ப்பாள் இருந்த இடம் அது ஒன்றுதான்.

நிலவியல் துறையில் மலை மலையாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர் அவர். போன முகாமிலிருந்தெல்லாம் அலுவலகத்துக்கு ஒரு கல், வீட்டுக்கு ஒரு கல் என்று கொண்டுவந்தார். அலுவலகக் கற்கள் அலுவலகத்தில் அடக்கமாக இருந்தன. வீட்டுக் கற்கள் குடும்பம் நடத்தின. செருப்பு அலமாரியில் சுண்ணாம்புக்கல். கட்டிலுக்கு அடியில் கருங்கல். பீரோவில் துணிகளுக்கு நடுவே காக்காப்பொன். மனைவி எந்த உடையை உடுத்தினாலும் லேசாக மினுமினுத்தாள். பின்னறையில் தரையிலிருந்து கூரை வரை ஓர் இரும்பு ராக்கு. அது முழுக்கக் கல்.

"எனக்கு அந்த ஜன்னல் வேணுங்க" என்று ஒருநாள் மனைவி ஆரம்பித்தாள்.

"எந்த ஜன்னல்?"

"ராக்குக்குப் பின்னாடி இருக்கிறது."

"அங்க ஜன்னல் இருக்கா?"

"குடிவந்த அன்னைக்குப் பார்த்தேன். இன்னும் இருக்கும்னு நம்பறேன்."

சும்மா சொல்கிறாள் என்று இருந்துவிட்டார். அவள் சும்மா சொல்லவில்லை. மியூசியத்தில் கற்களுக்கென்று ஒரு பிரிவு புதிதாகத் தொடங்குகிறார்களாம், போன் செய்துவிட்டாள். சனிக்கிழமை வருகிறார்கள்.

கல்லு சார் ராக்குக்கு முன்னால் போய் நின்றார். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகு அவர் எந்த மலைக்கும் போனதில்லை. மாலையில் பின்னறையில் விளக்கைப் போட்டு, ராக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் குளிர்ந்திருக்கும். பிறகு மெல்லச் சூடேறும். அந்தச் சூட்டில் கூடாரத் துணியின் வாடை வரும், விறகுப் புகை வரும், ஈரப் பாறையில் பூட்ஸ் வழுக்கும் சத்தம் வரும். இதை எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள் என்றால்?

குளியலறையில் உட்கார்ந்து யோசித்ததில் வழி பிறந்தது. எந்த மலை, எந்தச் சரிவு, எந்த அடுக்கு என்று தெரியாத கல்லை எந்த மியூசியமும் தொடாது. ஊர் பேர் தெரியாத கல், தெருவில் லாரிக்காரன் கொட்டிய கல்லுக்குச் சமம். அவருடைய கற்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டு வைத்து நம்பர் எழுதியிருந்தார். அந்த நம்பரை வைத்துக் குறிப்பேட்டில் பார்த்தால் இடம் தெரியும். நம்பரை அழித்துவிட்டால்? தனக்கு நம்பர் எதற்கு? பெற்ற பிள்ளையை நம்பர் பார்த்தா அடையாளம் கண்டுபிடிக்கிறோம்?

மனைவி எதிர்வீட்டு அக்காவிடம் பேசப் போன நேரமெல்லாம் கல்லு சார் வாளியும் பெயிண்ட் அழிக்கிற தின்னரும் பழைய பல்துலக்கியுமாகக் கல் குளிப்பாட்டினார். அந்த அக்கா நீளமாகப் பேசுகிறவள். எனவே வேலை சுலபமாக முடிந்தது. குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார். மலைக்கு மறுத்த முழங்கால்கள் பரணுக்கு மறு பேச்சில்லாமல் ஏறின.

சனிக்கிழமை மியூசியத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கூடவே மரப்பெட்டிகளோடு இரண்டு ஆட்கள். அவள் ஒரு கல்லை எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"சார், நம்பரே இல்லையே?"

"அழிஞ்சு போச்சும்மா" என்றார் பெருமூச்சு விட்டு. "காலம்."

"எங்க எடுத்ததுன்னு நீங்களே சொல்லிட்டாப் போதும் சார்."

"வயசாயிடுச்சும்மா. ஞாபகம் ஒண்ணும் நிக்கல."

"அப்படின்னா எடுத்துக்க முடியாதே..." என்று அவள் முகம் வாடியது. கல்லு சாரும் முகத்தை வாட வைத்துக்கொண்டார். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

அப்போது மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள்.

"இவ்வளவுதானே? அவருக்கு மறந்தா என்ன, எனக்கு ஞாபகம் இருக்கு. எழுதிக்கோம்மா." வரிவரியாக மடிப்பு விழுந்த ஒரு கல்லை எடுத்தாள். "இது கடற்கரையில பொறுக்கினது. பெரியவ பொறந்தப்ப இவர் ஊர்ல இல்ல. பன்னெண்டு நாள் கழிச்சு இதோட வந்து நின்னார்."

கடற்கரையா? கல்லு சாரின் காது சிவந்தது. தேநீரை விழுங்கினார், அதோடு பதிலையும் விழுங்கினார்.

"இது எரிமலையில எடுத்தது" என்று மனைவி அடுத்ததைத் தூக்கினாள். "சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தப்ப."

"எரிமலையா!" கோப்பை தட்டில் மோதியது. "சிப்பி பதிஞ்சிருக்கு பாரு, கண்ணு தெரியல? எரிமலைக்குள்ள சிப்பி என்ன குளிர்காயவா போச்சு? வடக்குக் கணவாய், ரெண்டாவது ஓடை, கிழக்குச் சரிவு, மேலேர்ந்து மூணாவது அடுக்கு!"

இளம்பெண்ணின் பேனா ஓடியது.

"அப்படியா? நான் என்னத்தைக் கண்டேன்" என்றாள் மனைவி. "அப்ப இந்தக் கறுப்பு, அந்தச் சிப்பிக்குப் பக்கத்துல..."

"பக்கத்துலயா? அதுக்கும் இதுக்கும் பத்து கோடி வருஷம் இடைவெளிடி! தெற்குக் குன்று, பழைய சுரங்க வாசல்!"

"சின்னவ பள்ளிக்கூட மேடையில பரிசு வாங்கினப்ப வந்தது."

"அந்த முதல் கல்லும் கடற்கரை இல்லம்மா, அழிச்சிடு! நீர்வீழ்ச்சிக்கு மேல, வலது கரை!"

ஒரு நிலவியலாளர் எதையும் பொறுப்பார். கல்லுக்குத் தப்பான விலாசம் சொல்வதைப் பொறுக்கமாட்டார். மனைவி ஒரு பொய் சொல்ல, அவர் ஓர் உண்மையைக் கக்க, கற்கள் வரிசையாகப் பெட்டிக்குள் போய்ப் படுத்தன. பாதி ராக்கு காலியான பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவள் சொன்ன இடங்கள் எல்லாமே தப்பு. சொன்ன நாட்கள் ஒன்றுகூடத் தப்பில்லை. அவர் இல்லாமல் போன பிறந்தநாள், காய்ச்சல், பரிசு, தண்ணீர்க் குழாய் வெடித்த இரவு, அவளுடைய அம்மா இறந்த வாரம்... ராக்கு முழுக்க அவர் அடுக்கி வைத்திருந்தது அதைத்தான்.

கடைசியாக அடித்தட்டில் ஒரு பச்சைக் கல். கைக்குள் அடங்கும் அளவு. மனைவி அதை எடுத்து, விரலால் தூசியைத் துடைத்தாள்.

"இது ஏரிக்கரை முகாம். கல்யாணமான கையோட போனது. கூடாரத்து வாசல்ல நின்னா ஏரி முழுசாத் தெரியும்னு சொன்னார். காலையில தண்ணி மேல ஆவி பறக்குமாம். 'அடுத்த தடவை கண்டிப்பா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லி இதைக் கையில வச்சார். அப்புறம் ஒவ்வொரு கல்லோடயும் அதையே சொன்னார்."

இளம்பெண் நிமிர்ந்தாள். "சரிதானா சார்?"

திருத்துவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

"சரிதான்" என்றார்.

"நன்கொடை யார் பேர்ல போடட்டும்?"

கல்லு சார் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"அவருக்குத்தான் ஞாபகம் நிக்கலையேம்மா, பாவம்" என்றாள் மனைவி. "என் பேர்லயே போடு. பரண்ல ஒரு மூட்டை இருக்கும், அதையும் இறக்கிக்கோங்க. நோட்டு, வரைபடம் எல்லாம் இருக்கு."

ஜன்னல் இருக்கத்தான் செய்தது. தூரத்தில், வீடுகளுக்கு அப்பால், ஒரு சின்னக் குன்றுகூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் அதைப் பார்க்காமல் அதற்கு முன்னால் நின்றுதான் அவர் மலைகளை நினைத்து ஏங்கியிருந்தார். மனைவி அங்கே நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தாள். மாலை வந்தால் கல்லு சாருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு சொல்லாமல் பஸ் ஏறி மியூசியத்துக்குப் போனார். கற்கள் உள்ளறையில், இழுப்பறைகளில் இருந்தன. காவலாளி கையை நீட்டினான்.

"நன்கொடையாளர் அட்டை?"

"எல்லாம் என் கல்லுப்பா!"

"அட்டை இருந்தாத்தான் உள்ள விடுவோம் சார். அட்டை வச்சிருக்கிறவங்க தங்களோட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பை. பையில் அட்டை.

"எங்க கிளம்பிட்ட?"

"மியூசியத்துக்குத்தான். அந்தப் பச்சைக் கல்லை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்."

"நானும் வரேனே" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அடடா, ஒருத்தரைத்தான் விடுவாங்க. எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேனே." படியிறங்கினவள் திரும்பி, வாசலில் நிற்கிற கணவரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது.

"மூஞ்சியைத் தூக்காதீங்க. அடுத்த தடவை கண்டிப்பா உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."